பதினோரு நாள் பழுப்பு

எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. பெட்டி செய்கிறவனுக்கு அது வேண்டாத சாமான். மரத்தூளையும் பசையையும் மோந்து மோந்தே இத்தனை வருஷத்தில் மரத்துப்போயிருக்க வேண்டும், போகவில்லை. கீழ்வீட்டுப் பின்கட்டில் அந்த அண்டா அடுப்பேறிய நாளிலிருந்து நான் மேல்மாடியில் பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தது கிடையாது.

கீழே இருப்பது சூளைக்காரர் வீடு. புருஷனும் பெண்டாட்டியும் டீக்கெண்டி செய்கிறவர்கள். மூக்கும் கைப்பிடியும் மூடியும் வைத்த சின்ன மண்கெண்டி, ஒரு கைக்குள் அடங்கிவிடும். மேலே பளபளப்புப் பூச்சு எதுவும் கிடையாது, மண் அப்படியே வெந்ததுதான். அதனால் ஊற்றுகிற டீயை அதுவும் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் ஒரே ரகத் தூளைப் போட்டு, சோப்பே காட்டாமல் வெந்நீரில் மட்டும் அலசிவைத்தால் உள்ளே ஒரு பழுப்பு ஏறும். அந்தப் பழுப்புக்குத்தான் இந்த ஊரில் மரியாதை. அறுபது, எழுபது வருஷம் பழகிய கெண்டியில் தூளே போடாமல் வெறும் வெந்நீரை ஊற்றினால்கூட டீ மணக்குமாம். அதைக் குடித்துப் பார்ப்பதற்கென்றே கார் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கண்ணாடி கிளாஸில் குடிக்கிற ஜாதி. குடித்தால் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவேன்.

அறுபது வருஷத்துப் பழுப்பைச் சூளைக்காரர் பதினோரு நாளில் ஏற்றிவிடுவார். அதற்குத்தான் அந்த அண்டா. டீக்கடைகளில் வடிகட்டிக் கொட்டுகிற சக்கையை வாளி வாளியாக வாங்கி வருவார். அதை மூடிவைத்துப் பூசணம் பூக்கவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுவார். அதில் துருப்பிடித்த ஆணி ஒரு பிடி, பொரித்த எண்ணெய்ச் சட்டியில் சுரண்டிய கசடு, புகைக்கூண்டுக் கரி, கடைசியில் பழுப்பு பூட்ஸ் பாலிஷ் இரண்டு டப்பா. மேலே ஏடு கட்டும். ஏட்டில் ஈ உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும். ஈர சாக்ஸை வாயில் திணித்த மாதிரி ஒரு வாடை. அதற்குள்தான் புதுக் கெண்டிகள் முங்கிக் கிடக்கும். எடுத்துத் துடைத்த பிறகு, மூன்று நாள் மாற்றாமல் போட்டிருந்த பனியனைக் கழற்றி அதாலேயே தேய்ப்பார். கேட்டால், "மனுஷ எண்ணெய் மாதிரி எது வரும்?" என்பார்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கெண்டிகளுக்குப் பெட்டி செய்கிறவன் நான்தான். இடித்த வீட்டு அலமாரிப் பலகை வாங்கி, பழைய ஆணியே அடித்து, இன்ன வருஷத்துக் கெண்டி என்று உள்ளே வைக்கிற சீட்டைப் பழங்கால எழுத்தில் எழுதி, டீத்தண்ணியில் நனைத்துக் காயவைத்துக் கொடுப்பேன். எழுத்து எனக்கு நன்றாக வரும். வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், ஒன்பது வருஷமாக எழுதியிருக்கிறேன்.

அந்த வீட்டில் மண்ணை மதிக்கிறவள் சூளைக்காரர் பெண்டாட்டிதான். எனக்குத் தங்கச்சி முறை, அவளாக வைத்துக்கொண்ட முறை. புருஷன் அச்சில் வார்ப்பார். அவள் மண்ணைத் தகடாகத் தட்டி, வளைத்து, ஒட்டி, கையால் எழுப்புவாள். மூடிதான் அவளுடைய பித்து. உடம்போடு மூடியையும் வைத்தேதான் சூளையில் ஏற்றுவாள், இரண்டும் சேர்ந்தே சுருங்கட்டும் என்று. பிறகு ஈர மணலை வைத்து மூடியை விளிம்பின்மேல் திருகித் திருகித் தேய்ப்பாள். அவள் மூடியைத் திருகினால் லொடலொடப்பு இருக்காது, பிடிப்பும் இருக்காது. டீ ஊற்றும்போது மூடியிலுள்ள ஓட்டையை விரலால் அடைத்தால் மூக்கிலிருந்து விழுகிற தாரை சட்டென்று நிற்கும். எடுத்தால் விழும். கடைசிச் சொட்டு மூக்கில் தொங்கி மேஜையில் விழாது, உள்ளேயே திரும்பிப் போய்விடும். டீயைப் பற்றி ஒன்றும் தெரியாத நானே அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தனையும் புருஷன் முத்திரையோடுதான் வெளியே போகும். சொந்த முத்திரை வேண்டுமென்றால் கெண்டி மன்றத்தில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் தேர்வில் ஒரு கெண்டியை வைத்துத் தேற வேண்டும். அதற்காக அவள் நாலு மாசம் பாடுபட்டு ஒன்றைச் செய்திருந்தாள். அடியில் தன் முத்திரையைத் தானே வெட்டிக் குத்தியிருந்தாள். "என்னோடது ஒன்னுகூட அண்டாவுக்குள்ள போகக்கூடாது" என்று புருஷனிடம் ஏற்கெனவே சத்தியம் வாங்கியிருந்தாள். கெண்டியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, தேர்வுக்கு முதல்நாள் மத்தியானம்தான் பிரித்தாள்.

நான் அப்போது கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோறும் பொரித்த முட்டையும். மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்ததால் பின்கட்டுப் புகை வெளியே போகாமல் தட்டுக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"இது என் கெண்டி இல்ல" என்றாள்.

சூளைக்காரர் முட்டையைப் பிட்டுக்கொண்டே, "எது?" என்றார்.

"துணிக்குள்ள இருக்கறது. இது அச்சுல வார்த்தது. என்னோடது எங்க?"

"முதல்ல சாப்பிடு."

"எங்கன்னு கேட்டேன்."

"எங்கயும் ஓடிப்போகல. வீட்லதான் இருக்கு."

அவள் பின்கட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாது தங்கச்சி என்று சொல்ல வாயைத் திறந்தேன், சோறு அடைத்துக்கொண்டது.

"போட்டுட்டீங்களா?"

"இன்னியோட பதினோரு நாள். சாயங்காலம் எடுத்துக் காட்டலாம்னு இருந்தேன். நீ அதுக்குள்ள அவசரப்படுற."

அவள் கத்தவில்லை. பின்கட்டுக்குப் போய் நீளக் கரண்டியை எடுத்தாள். நானும் கையைக்கூடக் கழுவாமல் பின்னால் போனேன். கரண்டியால் ஏட்டை ஒதுக்கினாள். அது தோல் மாதிரி சுருங்கி ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே கறுப்பாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. துழாவித் துழாவி நாலாவது முறை அது வந்தது. மூக்கு வழியாகச் சளி மாதிரி ஒழுகிற்று. மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து கரப்பான் ஒன்று, பாதிதான் இருந்தது, சக்கையோடு சேர்ந்து விழுந்தது. நான் சுவரோரம் போய், சாப்பிட்டதில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவள் கெண்டியைத் திருப்பி அடியைத் தடவிக்கொண்டிருந்தாள். முத்திரை இருந்த இடத்தைச் சாணைக்கல்லில் ஓட்டி வழவழவென்று தேய்த்திருந்தது.

"என் முத்திரை எங்க?"

"பழங்காலத்துக் கெண்டிக்கு அடியில முத்திரை இருக்காதும்மா. உனக்குத் தெரியாததா?" சூளைக்காரர் வாசற்படியில் நின்று பல் குத்திக்கொண்டே சொன்னார். "நீ கோவப்படாம கேளு. நல்ல கெண்டி புதுசா இருந்தா எவன் மதிக்கிறான்? நான் போடுற அச்சுக் கெண்டியெல்லாம் பழசுன்னு சொல்றப்ப எனக்கே கூசும். இதுக்குத்தான் அந்தத் தகுதி இருக்கு. மன்றத்து மூக்கர் இன்னிக்கு வராரு. பாத்தா ஆடிப்போயிடுவாரு."

"நாளைக்குத் தேர்வு மேஜைல நான் எதை வெக்கிறது?"

"அடுத்த வருஷம் வெச்சிக்கலாம்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

"போன வருஷம் சொன்னது வேற."

கொடுமை என்னவென்றால் அந்த மனிதர் மனசாரச் சொன்னார். பெண்டாட்டிக்குப் பெரிய மரியாதை செய்துவிட்டதாகத்தான் அவருக்கு நினைப்பு. எனக்கு அவரைப் பிடித்து அண்டாவுக்குள்ளேயே முக்கலாம் போலிருந்தது.

அவள் குழாயடியில் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்த்தாள், வெந்நீர் மாற்றி மாற்றி ஊற்றினாள். வாடை கொஞ்சம் குறைந்தது, நிறம் போகவில்லை. "மண்ணு குடிச்சிடுச்சுண்ணே. இனிமே கக்காது" என்றாள். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி மோந்து பார்த்தாள். நாலாவது தடவையும் கழுவினாள்.

சாயங்காலம் மூக்கர் வந்தார். கெண்டி மன்றத்துக்கு அவர்தான் தலைவர், மறுநாள் தேர்விலும் அவர்தான் நடுநாயகம். பழைய கெண்டிகளைப் பற்றிப் புத்தகம் போட்டவர். அவர் பழசு என்றால் பழசு, வாங்குகிறவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, உடம்பெல்லாம் பவுடர் வாசனை. எந்தக் கெண்டியைக் கையில் வாங்கினாலும் முதலில் மோந்து பார்த்து, பிறகு மூக்கின் இரண்டு பக்கமும் வைத்துத் தேய்ப்பார். மூக்கு எண்ணெயில்தான் மண் மினுங்குமாம். அதனால் வந்த பெயர்.

அந்தக் கெண்டியையும் அப்படித்தான் தேய்த்தார். பிறகு வெந்நீர் கேட்டார். தூள் போடாமல் வெறும் வெந்நீரை ஊற்றி மூடினார். நூறு எண்ணும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டுச் சின்னக் கிண்ணத்தில் சாய்த்தார். விரலால் மூடி ஓட்டையை அடைத்தார். தாரை நின்றது.

"பாத்தீங்களா, கட்டாகுற அழகை" என்றார். "மூக்கு நுனி, வாய் விளிம்பு, கைப்பிடி உச்சி, மூணும் ஒரே மட்டம். நூல் புடிச்ச மாதிரி. இது ஆம்பளக் கைங்க. உறுதியான கை. இந்தக் கை இன்னிக்கு உயிரோட இல்ல."

"இல்லீங்க, இருக்க முடியாதுங்க" என்றார் சூளைக்காரர்.

மூக்கர் கிண்ணத்தை உயர்த்தினார். நான் வேறெங்காவது பார்த்திருக்கலாம், கண் போகவில்லை. வாயில் வைத்து இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டி, சர்ரென்று காற்றிழுத்து, விழுங்கினார். தொண்டைக்குழி ஏறி இறங்கிற்று.

"மண்ணு" என்றார். "அப்புறம் மழை. கடைசியில ஒரு பழைய புஸ்தக வாசனை."

எனக்குச் செருப்புக்கடை ஞாபகம்தான் வந்தது.

"அது நான் செஞ்சது சார்." கதவோரம் நின்றிருந்த தங்கச்சி சொன்னாள்.

சூளைக்காரர் அவசரமாகச் சிரித்தார். "விளையாடுவா சார், எப்பவும் இப்படித்தான்."

"உள்ள மூக்குக்கிட்ட சல்லடை இருக்குல்ல, அதுல ஒம்போது ஓட்டை. ஒம்போதாவது ஓட்டை கோணலா இருக்கும். அதைப் போடறப்ப எனக்குத் தும்மல் வந்துது. டார்ச்சு அடிச்சுப் பாருங்க."

மூக்கர் சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். இப்போது எழுந்து போய்விடுவார், இல்லை சூளைக்காரர் கன்னத்தில் ஒன்று விடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். இத்தனை வருஷமா இந்த வீட்லருந்து எத்தனை வந்திருக்கு. பழசு என்ன, மண்ணுலயா முளைக்குது? நீங்க செஞ்சதுன்னுதான் தெரியாது, அது எனக்குப் புது சேதி. கை நல்ல கைதான்." குரலில் கூச்சமே இல்லை. கடையில் சில்லறை கேட்கிற மாதிரி பேசினார். "வாங்குறவனுக்கு வேண்டியது ஒரு கதை. நான் சொல்றேன். அவன் சந்தோஷமா எடுத்துட்டுப் போறான். இதுல யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"தெரிஞ்சேவா சார் குடிச்சீங்க?"

"பழகிடுச்சும்மா." கிண்ணத்தைச் சூளைக்காரர் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. ஒன்னு சொல்றேன், பாலிஷை மட்டும் குறைங்க. நாக்குல பிசுபிசுன்னு ஒட்டுது."

ஊற்றினார். குடித்தார். உதட்டோரம் நின்ற பழுப்பை நாக்கால் துழாவி உள்ளே இழுத்துக்கொண்டார். அண்டாவைப் பார்த்து வாந்தியெடுத்தேனே, அது ஒன்றுமே இல்லை என்று அப்போது தோன்றிற்று. தெரியாமல் குடிக்கிறவனைப் பார்த்தால் ஐயோ பாவம் என்றிருக்கும். இந்த ஆள் தெரிந்து, ரசித்து, இன்னும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். யார் காதிலும் விழவில்லை.

"நாளைக்கு மேஜைல வேற ஏதாவது கொண்டாந்து வைங்கம்மா" என்றார் மூக்கர். "தேறிடும். முத்திரை உங்களுக்குத்தான். இந்தக் கெண்டி எனக்கு. நாம பேசினது இந்த ரூமோட போகட்டும்."

"எதை வெச்சாலும் தேறுமா?"

"எதை வெச்சாலும்."

"அச்சுல வார்த்ததா இருந்தாலும்?"

"நான்தானேம்மா நடுவுல உக்காந்திருக்கேன்."

சூளைக்காரர் முகம் மலர்ந்து போயிற்று. "கேட்டியா? அடுத்த வருஷம்னு சொன்னேன். சார் இந்த வருஷமே குடுக்குறாரு" என்றார். அவள் உள்ளே போய்விட்டாள். மறுநாள் மன்றத்துக்கே கொண்டுவந்து தரச் சொல்லி, மூக்கர் கெண்டியை என் கையில் கொடுத்தார். நல்ல பெட்டியாக, நல்ல சீட்டாகப் போடச் சொன்னார். கெண்டியின் இளஞ்சூடு என் உள்ளங்கையில் பட்டதும் உடம்பு கூசிற்று.

காலையில் அவள் மேலே வந்தாள். பெட்டி முடிந்திருந்தது, சீட்டு எழுதவில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன்.

"கெண்டியக் குடுங்கண்ணே. இதைத்தான் மேஜைல வெக்கப்போறேன்" என்றாள். மன்றத்துப் படிவத்தை என் முன்னால் வைத்தாள். "நான் சொல்றேன், எழுதுங்க. உங்க எழுத்தத்தான் அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

"தங்கச்சி, சும்மா இருந்தா முத்திரை வீடு தேடி வருது. இதுக்கப்புறம் உன் வீட்டுக்காரர்கிட்ட எவனும் ஒரு மூடிகூட வாங்கமாட்டான். எனக்கும் பெட்டி வேலை போச்சு."

"தெரியும்."

"அப்புறம்?"

"அந்த ஆளு குடுக்குற முத்திரைய நான் அடியில குத்தினா, ஒவ்வொரு தடவை குத்தறப்பவும் அந்த வாய்தான் கண்ணு முன்னாடி வரும். ராத்திரி பூரா வந்துச்சுண்ணே. என்னால முடியாது."

எனக்கும் அந்த வாய் வந்திருந்தது. பேனாவை எடுத்தேன்.

மன்றம் என்பது ஒரு நீள ஹால், ஒரு நீள மேஜை, மூலையில் கொதிக்கிற பாய்லர். நடுவர்கள் மூன்று பேர். நடுவில் மூக்கர், ஒரு பக்கம் சூளை மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பருத்த மனிதர், இன்னொரு பக்கம் டீத்தூள் மண்டி வைத்திருக்கும் ஓர் அம்மா. சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர், எல்லாம் கெண்டி செய்கிறவர்கள், வாங்குகிறவர்கள். ஒவ்வொரு கெண்டிக்கும் முறை ஒன்றுதான். குமாஸ்தா படிவத்தைச் சத்தமாகப் படிப்பார். வெறும் வெந்நீர் ஊற்றுவார். நடுவர்கள் கெண்டியைப் பார்த்து முடிவு சொன்ன பிறகு தலைவர் ஒரு வாய் குடிக்க வேண்டும். குடித்தால்தான் முடிவு புத்தகத்தில் ஏறும். இல்லையென்றால் அந்தக் கெண்டி மேஜைக்கு வரவே இல்லை என்று கணக்கு.

அவள் பெட்டியைத் திறந்து கெண்டியை எடுத்து வைத்ததும் மூக்கர் நிமிர்ந்தார். சூளைக்காரர் கதவுப் பக்கம் நின்றிருந்தார், முகம் வெளிறிவிட்டது. குமாஸ்தாவுக்கு ஒன்றும் தெரியாது. ரயில் நேரம் வாசிக்கிற குரலில் படித்தார்.

"செய்தவர்: சூளைக்காரர் மனைவி, கையால், நாலு மாதம். முத்திரை: இருந்தது, சாணைக்கல்லில் தேய்க்கப்பட்டது. பழுப்பு: உண்டு. பழுப்பின் வயது: பதினோரு நாள். பழுப்பு ஏறிய விதம்: பூசணம் பிடித்த டீச்சக்கை, துருவாணி, எண்ணெய்ச் சட்டிக் கசடு, புகைக்கரி, பூட்ஸ் பாலிஷ் இரண்டு டப்பா. ஏற்றியவர்: கணவர். உடன் உழைத்தவர்: பொய்ச் சீட்டு எழுதிய மேல்மாடிக்காரன்."

கடைசி வரி நானாகச் சேர்த்தது.  பின்வரிசையில் யாரோ, "எங்க வீட்லயும் இந்த மாதிரி ரெண்டு இருக்கே, சார் பாத்து வாங்கிக் குடுத்தது" என்றார். இன்னொருவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தபோது சூளைக்காரர் கதவருகே இல்லை.

குமாஸ்தா வழக்கப்படி வெந்நீரை ஊற்றினார். மேஸ்திரி மட்டும் கெண்டியைக் கிட்டே இழுத்தார். மூடி ஓட்டையை அடைத்துச் சாய்த்தார், எடுத்துச் சாய்த்தார். மூடியைத் திருகினார். இரண்டு மூன்று தடவை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

"யாரும்மா மூடி போட்டது?"

"நான்தாங்க."

"உடம்பு?"

"எல்லாம் நான்தாங்க."

"பழுப்பேத்தின கெண்டிய எடுத்துக்க விதி கிடையாது. ஆனா கைய நான் பாத்துட்டேன்." மண்டிக்கார அம்மாவைப் பார்த்தார், அந்த அம்மா தலையாட்டினாள். "இதே மாதிரி இன்னொன்னு, சுத்தமா, அடியில உன் முத்திரையோட கொண்டா. எத்தன நாளாகும்?"

"நாலு மாசம்."

"நாலு மாசத்துல கொண்டா. மறுபடி மேஜை கிடையாது. நேரா முத்திரை. எழுதிக்கய்யா."

குமாஸ்தா அதைப் படிவத்தில் எழுதினார். எழுதிவிட்டுக் கிண்ணத்தை மூக்கர் பக்கம் நகர்த்தினார். கிண்ணத்தில் பழுப்பாக, மேலே ஒரு எண்ணெய் வளையத்தோடு நின்றது.

மூக்கர் தொடவில்லை. "எனக்குக் காலையிலருந்து வயிறு சரியில்ல" என்றார்.

"தலைவர் குடிக்கலன்னா இது செல்லாதுங்க" என்றார் குமாஸ்தா. "அம்மா பேரை அடிச்சிரணும்."

"அடிச்சிருங்க."

தங்கச்சி மேஜைக்குக் கிட்டே போனாள். 

"நேத்து சாயங்காலம் எங்க வீட்ல ரெண்டு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே சார். அப்ப ஒன்னும் ஆகலையே."

ஐம்பது பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். மாட்டேன் என்றால் அண்டா உண்மையென்று அவரே ஒப்புக்கொண்டதாகும், குடித்தால் அவள் பேர் புத்தகத்தில் ஏறும். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மூக்கர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியில் கிண்ணத்தை எடுத்தார். வாயில் உருட்டவில்லை, காற்றிழுக்கவில்லை, மருந்து மாதிரி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். முகம் கோணிற்று, கன்னம் இரண்டும் உப்பின. குமாஸ்தா பேனாவை வைத்துக்கொண்டு அவர் விழுங்குவதற்காகக் காத்திருந்தார். விழுங்கினார். குமாஸ்தா புத்தகத்தில் அவள் பேரை எழுதினார்.